வலது கை நீங்கலாக

கோழி சீய்க்கிற மாதிரி ஒரு சத்தம்தான் முதலில் கேட்டது. அப்பாவைக் குளிப்பாட்டிய தண்ணீரைக் கொல்லையில் ஊற்றிவிட்டுக் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்த மரியபுஷ்பம் அப்படியே குனிந்தபடி நின்று காது கொடுத்தாள். அது இழைப்புளிச் சத்தம் இல்லை, உப்புத்தாள் சத்தம் இல்லை, பழுக்கக் காய்ச்சிய ஊசி மல்பெரிக் கட்டையில் இறங்கும்போது வருகிற சீறலும் இல்லை. பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் அவள் கேட்டு வளர்ந்த எந்தச் சத்தத்தோடும் சேராமல், கொஞ்சம் ஓடி, கொஞ்சம் நின்று, மறுபடியும் ஓடி, கடைசியில் நீளமாக ஓர் இழுப்பு இழுத்து அடங்கியது.

ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். சவப்பெட்டி வாங்கப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. பெஞ்சில் வெள்ளை வேட்டியும் தாடைக்கட்டுமாக அப்பா சவரியப்பன் படுத்திருந்தார். பக்கத்தில் மண்டியிட்டிருந்தார் தீப்பெட்டி ஆபீஸ் மேனேஜர் பரமானந்தம். செத்தவர் கையில் அவள் சுற்றி வைத்திருந்த ஜெபமாலையை அவிழ்த்துத் தலையணையில் போட்டுவிட்டு, அந்த விரல்களுக்கு நடுவே தன் மைப்பேனாவைச் செருகி, அடியில் தன் ஆல்பத்தைப் பிடித்திருந்தார். உடம்பு மொத்தமும் கிடந்த கிடையில் கிடக்க, வலது கை மட்டும் மணிக்கட்டைத் திருப்பி, ‘சவரியப்பன்’ என்று எழுதி, கடைசி எழுத்தின் வாலை ஹாக்கி மட்டையின் வளைவு போலவே வளைத்து விட்டது.

“ரெண்டு போட்டுட்டாரு, தாயி,” என்றார் பரமானந்தம், கண்ணில் தண்ணீர் கட்டி நிற்க. “ஒண்ணு வைக்கதுக்கு, ஒண்ணு ஒப்பிடுததுக்கு.”

புஷ்பம் அலறவில்லை. அப்பா எடுத்த வேலையைப் பாதியில் விட்டு எழுந்து அவள் பார்த்ததே இல்லை. ஜெபமாலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “பேனாவ எடுங்க அண்ணாச்சி. நாலு மணிக்கு அடக்கம்,” என்று மட்டும் சொன்னாள்.

நாலு மணிக்கு அடக்கம் நடக்கவில்லை.

உப்போடைப்பட்டியில் ஹாக்கி மட்டை என்ற ஒன்று ரயிலில் வந்துகொண்டிருந்த காலத்தில், உடைந்து போன மட்டை ஒன்றை மிஷன் பள்ளிக்கூடத்துக் குப்பையிலிருந்து எடுத்துவந்து, பிளந்து பார்த்து, மோந்து பார்த்து, அதே போல ஒன்றை வளைத்து முதன்முதலாகக் கரிசல் மண்ணில் ஊன்றி நிறுத்தியவர் சவரியப்பன். அவர் வளைத்த மட்டையைப் பிடித்துத்தான் தீப்பெட்டி ஒட்டுகிறவன் பிள்ளையும் பருத்தி எடுக்கிறவள் பிள்ளையும் ரயில்வேக்கும் போலீசுக்கும் ராணுவத்துக்கும் ஆடப் போனார்கள். ஆனால் மட்டையை விற்கும்போது அவர் பேர் போட மாட்டார். வாங்கிப் போனவன் ஒரு மழைக்காலம் முழுக்க ஆடி, சேறும் அடியும் பட்ட மட்டையைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால் அதை மடியில் போட்டுத் தடவி, மோந்து, வளைவில் விழுந்த வெட்டுகளை விரலால் எண்ணி, மனசுக்குப் பட்டால் ஊசியைக் காய்ச்சி மட்டையின் கழுத்தில் தன் பேரைச் சுட்டுக் கொடுப்பார். படாவிட்டால், “இன்னொரு மழ பாரு,” என்று திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் அவர் கையெழுத்து ஊரில் அரிதாக இருந்தது. சுடப்பட்ட மட்டை வைத்திருப்பவன் கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்தான்.

பரமானந்தம் ஆடாதவர். பந்து வந்தால் விலகிக்கொள்ளும் உடம்பு அவருக்கு. ஆனால் அவரிடம் ஓர் ஆல்பம் இருந்தது. தெற்கே முதல் கால்பந்தைத் தைத்தவர், முதல் கேரம் பலகைக்குச் சட்டம் அடித்தவர், இறகுப்பந்துக்கு வாத்திறகு பொறுக்கிக் கொடுத்தே பேர் வாங்கியவர், குத்துச்சண்டை உறைக்குள் தேங்காய் நாரை அடைத்துப் பார்த்தவர் என்று எங்கெங்கோ தேடிப் பிடித்து, செத்தவர்கள் வீட்டுப் பரணில் ஏறி இறங்கிச் சேர்த்த கையெழுத்துகள். யாரையும் நம்ப மாட்டார். எது கிடைத்தாலும் அதே ஆளிடம் இன்னொன்று வாங்கிப் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியால் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் ஒட்டுவார். அந்த ஆல்பத்தின் முதல் பக்கத்தை மட்டும் சவரியப்பனுக்கென்று வெறுமையாக வைத்திருந்தார். கேட்டுக் கேட்டு அலுத்த ஒரு வருஷம், கடையில் மட்டை வாங்கி, அதில் தானே சேற்றைப் பூசி, சுவரில் நாலு அடி அடித்து எடுத்துப் போனார். சவரியப்பன் மோந்து பார்த்துவிட்டு, “இது எரும குளிக்கிற சேறுல்லா,” என்றார். தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பரமானந்தம் மறக்கவில்லை. அதனால்தான் சவரியப்பன் செத்தார் என்று கேள்விப்பட்டதும் மாலை வாங்காமல் பேனாவுக்கு மை நிரப்பிக்கொண்டு ஓடி வந்தார்.

சவப்பெட்டி வந்தது. பெட்டியைத் தூக்கி வந்த நால்வரும் கையைப் பார்த்துவிட்டு, பெட்டியை வைத்துவிட்டு, ஆளுக்கொரு துண்டுக் காகிதம் தேடினார்கள். பங்குச் சாமியார் வந்தார், பார்த்தார், “அசையிற உடம்புக்கு அடக்க ஜெபம் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல, பிஷப்பு மேற்றிராணியார் ஆண்டவருக்கு எழுதிக் கேக்கேன்,” என்று சொல்லி, போகும்போது தன் ஜெபப் புத்தகத்தின் கடைசித் தாளில் ஒன்று வாங்கிக்கொண்டார். டாக்டர் வந்து நெஞ்சில் குழாயை வைத்து, கண்ணில் வெளிச்சம் அடித்து, நெடுநேரம் யோசித்து, ‘வலது கை நீங்கலாக இறந்துவிட்டார்’ என்று சான்று எழுதிக் கொடுத்தார். அதைக் காட்டினால் சுடுகாட்டுக்காரனும் கல்லறைத் தோட்டத்துக்காரனும் ஒரே மாதிரி தலையைச் சொறிந்தார்கள்.

உடம்பு கெடவில்லை, ஈ மொய்க்கவில்லை, மரத்தூள் வாசனை அடித்துக்கொண்டு அப்படியே இருந்தது. வீட்டு முற்றம் கூட்டத்துக்குப் போதவில்லை என்று ஹாக்கிக் கழகத் தலைவர் சங்கரபாண்டியன் பெஞ்சோடு தூக்கிக் கழகக் கட்டிடத்துக்குக் கொண்டுபோனார். புஷ்பம் பின்னாலேயே ஓடினாள். “என்னய்யா பண்ணுதீக, அவரு எங்கப்பா!” என்றாள். “உங்கப்பாதாம்மா. யாரு இல்லன்னா? ஊருக்கும் அவர்தான அப்பா,” என்றார் சங்கரபாண்டியன், பெஞ்சின் கால் நிலைப்படியில் இடிக்காமல் பார்த்துக்கொண்டே.

ஓர் ஊர் ஓர் அதிசயத்துக்குப் பழகுவதற்கு, புதுச் செருப்புக்குக் கால் பழகுகிற நேரம்கூட ஆவதில்லை. முதல் வாரம் வந்தவர்கள் கும்பிட்டுக்கொண்டு வந்தார்கள். அடுத்த வாரம் கும்பிடாமல் வந்தார்கள். அதற்கடுத்து, “கொஞ்சம் வெரசாப் போடச் சொல்லுங்க, பஸ்ஸுக்கு நேரமாவுது,” என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். பந்தல் போட்டார்கள். ஆணுக்கு ஒரு வரிசை, பெண்ணுக்கு ஒரு வரிசை, பக்கத்து ஊர்க்காரர்களுக்கு வெயிலில் ஒரு வரிசை. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை அணிவகுத்துக் கூட்டி வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள், பெண்ணுக்குப் போடுகிற நகையோடு சவரியப்பன் கையெழுத்து ஒன்றும் உண்டா என்று கேட்டார்கள். டீக்கடைக்காரன் கடைப் பலகையில் வாங்கி மாட்டினான். முடிவெட்டுகிறவன் கண்ணாடியில் வாங்கினான். ஒருத்தன் தன் ஆட்டுக்கிடாயின் கொம்பில் வாங்கிப் போனான், அந்தக் கிடா அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழம்பாகிவிட்டது. பேனா பிடித்துக் கொடுக்கிற வேலையைப் பரமானந்தம் தானே எடுத்துக்கொண்டு, தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு எழுதிப் போட்டுவிட்டுப் பெஞ்சோரத்திலேயே கிடந்தார். ஊரெல்லாம் கையெழுத்தாகிப் போனதில் தன் முதல் பக்கம் மலிந்துகொண்டே வருவது அவருக்கு வயிற்றில் எரிந்தது. ஆனாலும் அந்தக் கையை விட்டு எழ முடியவில்லை.

புஷ்பம் தினமும் காலையில் வந்து அப்பாவின் முகத்தைத் துடைத்தாள். “இன்னைக்காவது விடுங்க,” என்பாள். “இந்தா, இந்த வரிச முடியட்டும்,” என்பார்கள். வரிசை முடிகிற வரிசையாக இல்லை.

ஒருநாள் வேலாண்டி வந்தார். ஒரு காலத்தில் இடது ஓரத்தில் அவர் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் எதிர் ஆளுக்குத் தூசிதான் கிடைக்கும் என்பார்கள். இப்போது மூட்டு வீங்கி, மட்டையையே ஊன்றுகோலாக்கி நடந்தார். வரிசையைப் பார்க்காமல் நேரே பெஞ்சுக்கு வந்து, மட்டையைத் தலைகீழாகத் திருப்பி, அதன் கழுத்தைப் பரமானந்தத்தின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“பேரு எங்கவே?”

கழுத்தில் ஒன்றும் இல்லை. சுட்ட தழும்பு ஆறி, புதுத் தோல் மூடின மாதிரி மரம் வழவழவென்றிருந்தது.

“கூட ஆடுன அண்ணன்தம்பி எல்லார் வீட்டுலயும் கேட்டுட்டேன். கோல்கீப்பர் செல்லையாவுக்குப் போயிருச்சு. பட்டாளத்தான் வீட்டுல மாட்டியிருந்ததும் போயிருச்சு. ஒருத்தன்கிட்டயும் மிச்சமில்ல. நீரு இங்க ஒண்ணு வாங்கையில அங்க ஒண்ணு போகுதுவே. இவரு புதுசா எழுதல. நாங்க ரத்தம் விட்டு வாங்குனத எடுத்து ஒங்க துண்டுத்தாள்ல போட்டுக்கிட்டிருக்காரு.”

வரிசையில் நின்றவர்கள் அதைக் கேட்டார்கள். அப்புறம் பின்னாலிருந்து ஒருத்தன், “இத்தன வருசம் நீங்களே வச்சிருந்தீகல்லா மாமா, கொஞ்சநாள் நாங்க வச்சிக்கிடுதோம்,” என்றான். சிரிப்பு பரவியது. “போனா என்ன, வரிசையில நின்னு ஒண்ணு வாங்கிக்கிடும், முதியோர்னு முன்னால விடுதோம்,” என்றார் சங்கரபாண்டியன், நிஜமான அன்போடு.

வேலாண்டி மட்டையைச் சவரியப்பன் நெஞ்சின் மேல் வைத்துவிட்டு, ஊன்றுவதற்கு ஒன்றுமில்லாமல் சுவரைப் பிடித்துப் பிடித்து வீட்டுக்குப் போனார். எழுதுகிற கைக்கு இடைஞ்சலாக இருந்ததால் மட்டையை எடுத்துப் பெஞ்சுக்கு அடியில் போட்டார்கள்.

புஷ்பம் வீட்டுக்கு ஓடிப் பட்டறைச் சுவரைப் பார்த்தாள். ஆணியில் தொங்கியது அவளுடைய சின்ன மட்டை. பத்து வயதில் அப்பா வளைத்துக் கொடுத்தது. பெண்பிள்ளையை மைதானத்தில் சேர்க்க மாட்டார்கள் என்பதால், ஒரு மழைக்காலம் முழுக்க அவள் கொல்லைச் சுவரோடு ஆடினாள். சுவர் அடித்த பந்தைச் சுவருக்கே திருப்பி அடித்து, முழங்கால் சில்லு பெயர்ந்து, ஐப்பசிக் கடைசியில் மட்டையைக் கொண்டுபோய் அப்பா மடியில் வைத்தாள். அவர் மோந்தார், வெட்டுகளைத் தடவினார், ஒன்றும் பேசாமல் ஊசியை அடுப்பில் வைத்தார். அந்தப் பேர் இன்னும் இருந்தது. கறுத்து, ஆழமாக, வால் வளைந்து இருந்தது.

அதைச் சேலைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு கழகத்துக்குத் திரும்பினாள். பரமானந்தத்தைத் தனியே தூணோரம் கூப்பிட்டுக் காட்டினாள்.

“அண்ணாச்சி, உசுரோட இருக்கையில போட்டதுல இது ஒண்ணுதான் மிச்சம். இன்னும் ஒண்ணு எழுதினா இது போயிரும். இத்தோட நிறுத்துங்க. எங்கப்பாவ நான் கொண்டுபோய் மண்ணுல வைக்கணும்.”

பரமானந்தம் மட்டையை இரண்டு கையாலும் வாங்கினார். பெற்ற குழந்தையை முதன்முதலாக வாங்குகிறவன்கூட அப்படி வாங்க மாட்டான். மோந்து பார்த்தார். எருமைச் சேறு இல்லை.

“எனக்குக் குடு,” என்றார். “இத எனக்குக் குடு தாயி. இப்பமே வரிசையக் கலைக்கேன். பேனாவ ஒடச்சிப் போடுதேன். தலைவர்கிட்ட நான் பேசிக்கிடுதேன். சாயங்காலம் நீ அடக்கம் பண்ணு.”

புஷ்பம் மட்டையைப் பார்த்தாள். தூரத்தில் பெஞ்சில் தாளில்லாமல் அசைந்துகொண்டிருந்த கையைப் பார்த்தாள். அந்தச் சுவரும் அந்த மழையும் அப்பா பேசாமல் அடுப்பில் ஊசி வைத்த அந்தச் சாயங்காலமும் ஒரு தட்டில். அப்பா மறு தட்டில்.

“வச்சிக்கோங்க,” என்றாள். “அவர விட்டுருங்க.”

பரமானந்தம் சொன்னபடி செய்தார். “இன்னைக்கோட முடிஞ்சுது, எல்லாரும் போங்க,” என்று கத்தி, கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, வரிசையைப் பந்தலுக்கு வெளியே தள்ளினார். சங்கரபாண்டியன் வாயைத் திறப்பதற்குள் அவர் காதில் என்னவோ ஓதினார். ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள். புஷ்பம் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் வந்து நின்றாள்.

பரமானந்தம் பெஞ்சோரத்தில் உட்கார்ந்து மட்டையை மடியில் கிடத்திக்கொண்டார். பூதக்கண்ணாடியை எடுத்தார். இத்தனை வருஷமாக எது கைக்கு வந்தாலும் செய்ததை, யோசிக்காமல், மூக்குப்பொடி போடுகிறவன் கை தானாகவே டப்பியைத் தேடுவதுபோல, செய்தார்: ஒரு வெள்ளைத் தாளை விரித்து, பேனாவைச் செத்த விரல்களுக்குள் செருகி, “ஒண்ணே ஒண்ணு, ஒப்பிடுததுக்கு,” என்றார்.

“அண்ணாச்சி!” என்று புஷ்பம் கத்தும்போதே கை எழுதத் தொடங்கிவிட்டது. தாளில் ‘ச’ விழ, மடியில் ‘ச’ மூடியது. தாளில் ‘வ’ விழ, மடியில் ‘வ’ மூடியது. ஒவ்வோர் எழுத்தாக அங்கே கறுத்து, இங்கே வெளுத்து, கடைசியில் அந்த வால் வளைந்து தாளில் நின்றபோது, சின்ன மட்டையின் கழுத்து அன்றைக்குத்தான் இழைத்ததுபோல மொழுமொழுவென்று இருந்தது.

பரமானந்தம் வெகுநேரம் கண்ணாடியை அதன்மேல் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு மட்டையைப் புஷ்பத்தின் பக்கம் நீட்டினார்.

“இதுல ஒண்ணும் இல்லையே தாயி,” என்றார். “கையெழுத்துக்குத்தான நாம பேசினது.” எழுந்து பந்தல் வாசலுக்குப் போய், தெருவில் நின்றவர்களைப் பார்த்து, “வாங்க, வாங்க, வரிசையா வாங்க,” என்று கையசைத்தார்.

புஷ்பம் சின்ன மட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் பட்டறை ரம்பம் இருந்தது. கட்டையை நீளத்துக்கு அறுக்கிற பெரிய ரம்பம் இல்லை. பிடிக்குப் பிரம்பு பொருத்த அறுக்கிற, பல் நெருங்கிய சின்ன ரம்பம். பெஞ்சருகே வந்து, அப்பாவின் கையைத் திருப்பி வைத்து, எந்தக் கட்டைக்கும் செய்வதுபோல முதலில் நகத்தால் குறி போட்டாள்.

யாரும் தடுக்கவில்லை. அவள் என்ன செய்யப் போகிறாள் என்று புரிந்ததும் வரிசையில் ஒரு நெருக்கம் வந்ததே ஒழிய, கையை நீட்டிப் பிடிக்கிறவர் ஒருவரும் இல்லை. “ரொம்ப ஒட்ட அறுக்காதம்மா,” என்றார் சங்கரபாண்டியன் கவலையோடு. “கொஞ்சம் மேல தள்ளி அறு. மேசையில நிக்கதுக்கு அடி வேணும்லா.” ஒரு பெண் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, வெளிச்சம் மறைக்காமல் விலகி நின்றாள். ரத்தம் வரவில்லை. மரத்தூள் போல வெளிறிய ஒன்று பெஞ்சுக்கு அடியில் வேலாண்டியின் மட்டை மேல் உதிர்ந்தது. ரம்பம் ஓடுகிற நேரம் முழுக்க அந்தக் கை, மாட்டியிருந்த தாளில் எழுதிக்கொண்டேதான் இருந்தது. முன்னால் நின்றிருந்தவன் அதையும் விடாமல் வாங்கிக்கொண்டான்.

அறுத்து முடித்ததும் புஷ்பம் கையை எடுத்துப் பரமானந்தத்தின் ஆல்பத்தின் மேல் வைத்தாள்.

“இது ஒங்களுக்கு. மிச்சம் எனக்கு.”

அதற்குமேல் அந்த உடம்பு யாருக்கும் தேவைப்படவில்லை. பெஞ்சைக்கூட அவளே கேட்டு வாங்க வேண்டியிருந்தது. டாக்டர் பழைய சான்றை வாங்கி முதல் மூன்று வார்த்தைகளை அடித்துக் கொடுத்தார். மேற்றிராணியாரின் பதில் வரவில்லை என்றாலும், இப்போது அசைவதற்கு ஒன்றும் இல்லாததால் சாமியார் ஜெபம் சொன்னார், கொஞ்சம் வேகமாக. குழி வெட்டினவனும் புஷ்பமும், சுவர் சுவராகப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்த வேலாண்டியும்தான் மண் போட்டார்கள். வலது கை இருக்க வேண்டிய இடத்தில் வேலாண்டி தன் மட்டையை வைத்தார். இந்தத் தடவை அதை எடுத்துப் போட யாரும் இல்லை.

கழகத்தில் கண்ணாடிப் பெட்டி செய்து கையை உள்ளே நிறுத்தினார்கள். அது எழுதிக்கொண்டிருந்தது. உயிரோடு போட்டவை எல்லாம் தீர்ந்துவிட்டதால், இப்போது ஒருவருக்கு எழுதினால் ஏற்கெனவே வாங்கிய இன்னொருவரிடமிருந்து போயிற்று. முடிவெட்டுகிறவன் வாங்கினால் டீக்கடைப் பலகையில் அழிந்தது. டீக்கடைக்காரன் ஓடிப்போய் வாங்கினால் யார் வீட்டுக் கல்யாணப் பெட்டியிலோ அழிந்தது. இதுவும் ஊருக்குப் பழகிவிட்டது. காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன் போய் ஒன்று வாங்கி வந்துவிடுவார்கள். சிலர் தங்களுக்கு வேண்டாவிட்டாலும், பங்காளி வீட்டில் அழியட்டும் என்று வாங்கினார்கள். ஒன்றிரண்டு மண்டை உடைந்தது. இரண்டு பெண்கள் தாய்வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

ஒருநாள் மத்தியானம் பரமானந்தம் பட்டறை வாசலில் வந்து நின்றார். சவரம் செய்யாத முகம். தீப்பெட்டி ஆபீசில் வேறு மேனேஜர் வந்துவிட்டிருந்தார். ஆல்பத்தைத் திறந்து முதல் பக்கத்தைக் காட்டினார். வெள்ளையாக இருந்தது.

“போயிருச்சு புஷ்பம். மொத மொதல்ல வாங்கினது. அதுவும் போயிருச்சு.”

புஷ்பம் தலை நிமிரவில்லை. மடியில் சின்ன மட்டை கிடந்தது. உப்புத்தாளை நாலாக மடித்துப் பிடித்திருந்தாள்.

“வரிசையில நில்லுங்க அண்ணாச்சி,” என்றாள்.

அவர் ஆல்பத்தை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கழகத்தின் பக்கமாக நடந்தார், வரிசை அதற்குள் நீண்டிருக்குமே என்ற அவசரத்தில் செருப்பு ஒருபக்கம் கழல.

புஷ்பம் மட்டையின் வளைவில் இருந்த பழைய வெட்டுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து நிரவினாள். பேர் இருந்த கழுத்தையும் மற்ற இடத்தைப் போலவே தேய்த்தாள். தூளை ஊதினாள். ஆணியில் இருந்த புதுநாடாவை எடுத்துப் பிடியில் கீழிருந்து மேலாகச் சுற்றி, நுனியைப் பல்லால் கடித்து அறுத்து ஒட்டினாள். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். சின்னப் பிள்ளைகள் மட்டை கேட்டு வருவார்கள். மற்ற மட்டைகளோடு அதையும் கடை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, அடுத்த கட்டையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.